வலப்பக்கம் பதிவில் இல்லை

என்னுடைய கார் ஒரு தொன்மைச் சின்னம் என்கிற விஷயம் அதன் டயர் தேய்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை அதை நான் கார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாய்க்கு அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் பல் கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த கார் என் பழைய வாடிக்கையாளரான ஒரு டாக்டர் வைத்திருந்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையை ஒட்டிய உடம்பு, நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் பந்தயத்தில் எல்லாம் ஓடிய ரகம் என்று டாக்டர் சொல்வார். அவருக்கு எழுபது தாண்டியதும் முட்டி மடங்க மறுத்துவிட்டது. உள்ளே இறங்கி உட்கார்ந்தால் வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "நீயாவது ஓட்டுப்பா, நிக்க வச்சா செத்துடும்" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டார்.

ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் வேறு வண்டி கிடையாது. காலையில் மனைவியை மலைமேல் உள்ள பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவேன். அவள் அங்கே கணக்கு டீச்சர். பிறகு பல் செட் பெட்டியோடு மறுபக்கம் இறங்குவேன். சாயங்காலம் அதே வழியில் அவளை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். விடுமுறை தவிர எல்லா நாளும் இதுதான்.

ஒருநாள் காலை, ஏழாவது வளைவில், தண்ணீர் லாரி ஒன்று சிந்திவிட்டுப் போயிருந்த ஈரத்தில் எங்கள் காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் தானாக மனம் மாறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான்.

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். பின் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"உங்க தலையில இருக்கற அளவுக்குக்கூட இதுல ஒண்ணும் இல்ல" என்றாள். "மூணு வாரத்துல மழை வந்துடும். அதுக்குள்ள மாத்திடுங்க. சிந்தின தண்ணிக்கே இந்தக் கதின்னா, மழையில நாம பள்ளிக்கூடம் போக மாட்டோம், நேரா கீழதான் போவோம்."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் திரும்ப ஏறியதும் கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்தினாள். அன்று பூராவும் என்னால் ஒரு பல்லை நேராக வைக்க முடியவில்லை. காரிலிருந்து நான் மட்டும் வெளியே வருகிற மாதிரி ஒரு காட்சி திரும்பத் திரும்ப மனசில் வந்தது. பயம்தான், வேறென்ன.

டயர்க்கடைக்காரர் நல்ல மனுஷன். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த வருஷத்தைப் படித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"பதினோரு வருஷ டயர் சார். பட்டன் தேஞ்சு மொட்டையானது ஒரு பக்கம், ரப்பரே கட்டையாயிடுச்சு. எப்பவாவது ஞாயித்துக்கிழமை எடுக்கற வண்டின்னா பாக்க அழகா இருக்கற டயர் போடலாம். உங்களுது தினம் ஓடற வண்டி, மலை ரோடு, மழை. உங்களுக்கு வேணுங்கறது மெத்துனு ரப்பர், தண்ணிய வெளிய தள்ற ஆழமான வெட்டு. இந்த அளவு இப்ப அரிதுதான். ஆனா ஒரே ஒரு கம்பெனி இன்னும் போடறான். நாலு நாள்ல வரவழைச்சுடறேன்."

இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கவேண்டும். நாகரிகமான உலகத்தில் முடிந்தும் இருக்கும். ஆனால் அவர் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டமான முத்திரைத்தாளைப் பார்த்துவிட்டார். சூடு பட்டவர்போல் டயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இது வாரிய வண்டியா? முதல்லயே சொல்லக்கூடாதா சார்? வாரியச் சீட்டு இல்லாம இதுல ஒரு நட்டைக் கழட்டினாலும் என் கடைக்குப் பூட்டு."

வருடா வருடம் தபாலில் வருகிற அந்த வட்டத்தை நான் ஏதோ வரி ரசீது என்று நினைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வயது தாண்டிய வண்டிகள் எல்லாம் தொன்மை வாகனப் பேணுகை வாரியத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை என்றும், அவற்றில் எதை மாற்றுவதாக இருந்தாலும் வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றும், மீறினால் வண்டியை வாரியமே எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துப் 'பேணும்' என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வாரிய அலுவலகத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் குறை. வாசலிலிருந்து செயலாளர் அறை வரை சிவப்புக் கம்பளம். இரண்டு பக்கமும் பழைய கார்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிறு விளக்கு. செயலாளர் மெலிந்த மனிதர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிற பழக்கம் உள்ளவர்.

"எதுக்கு டயர்?"

"தேஞ்சுபோச்சு சார்."

"தேஞ்சுபோச்சா! எப்படி?"

"ஓட்டினேன்."

பக்கத்து மேஜையில் தட்டச்சு நின்றது. செயலாளர் பேனாவை மூடினார்.

"எங்க ஓட்டினீங்க?"

"ரோட்லதான் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு ஆழ்ந்த வருத்தம் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சு முப்பத்தொரு வருஷம் ஆகுது" என்றார். "எங்க பட்டியல்ல எண்ணூறு வண்டிக்கு மேல இருக்கு. இத்தனை வருஷத்துல எங்க கொட்டகை வண்டி ஒண்ணுகூட விபத்துல சிக்கினதில்ல. உலகத்துல வேற எந்த அமைப்பும் இப்படிச் சொல்லிக்க முடியாது. காரணம் என்ன தெரியுமா? கட்டுப்பாடு. ஒண்ணுகூட நகர்ந்ததில்ல."

பிறகு ஒரு படிவம் கொடுத்தார். அதில் என் காரின் பெயர் 'பேணுகைப்பொருள்'. என் பெயர் 'தற்காலிகக் காவலர்'. பயன்பாடு என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. காட்சிக்கு நிற்றல், திருமணம், படப்பிடிப்பு, ஊர்வலம், வாரிசுக்கு விட்டுச்செல்லல். வேலைக்குப் போதல் என்று ஒரு கட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்படி ஒரு பயன்பாடே கிடையாது" என்றார் செயலாளர். அப்புறம் மனசு இரங்கி, குரலைத் தாழ்த்தி, "ஊர்வலம்னு போட்டுக்கோங்க. நகர்ற மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான். ஆனா தலைமை தாங்க ஒருத்தர், கலந்துக்க ஒருத்தராவது வேணும்" என்றார்.

ஆக, வாரியப் பதிவேட்டின்படி எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலை ஏழேகால் மணிக்கு ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. தலைமை என் மனைவி. பொதுமக்கள் நான்.

வீட்டில் போய்ச் சொன்னபோது, "இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

டயர் விஷயத்தைத் தீர்மானிக்கவென்றே வாரியத்தில் ஒரு துணைக்குழு இருந்தது. ஐந்து பேர். அவர்களில் இளையவருக்கு அறுபத்தொன்று. ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட கார் ஓட்டத் தெரியாது என்று பிறகு வாரியத்தின் டயர் கிடங்குப் பொறுப்பாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சார்பு இல்லாத தீர்ப்புக்காகவே அப்படித் தேர்ந்தெடுக்கிறார்களாம்.

நீள மேஜையின் ஒரு முனையில் என்னை உட்காரவைத்தார்கள். குழுவில் ரப்பர் நிபுணர் என்று ஒருவர் இருந்தார். கனமான ஆள், கனமான கண்ணாடி. பின் டயரிலிருந்து பிய்ந்து வந்ததென்று நான் சாட்சிக்குக் கொண்டுபோயிருந்த ரப்பர்த் துணுக்கை மூக்குக்குக் கிட்டே வைத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது அவமானப்பட்ட ரப்பர்" என்றார்.

மற்ற நால்வரும் தலையசைத்தார்கள். ஒருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் டயர்க்கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். மெத்தென்ற ரப்பர், ஆழமான வெட்டு, மலை, மழை. சொல்லி முடித்ததும் நிபுணர் இரக்கத்தோடு புன்னகைத்தார்.

"தம்பி, உங்களுக்கு எது வேணுங்கறது இங்க கேள்வியே இல்ல. வண்டி பிறந்த அன்னிக்கு எந்த டயர் போட்டிருந்துதோ அதுதான் அதோட டயர். மூலத்தோற்றம். அதைத்தான் நாங்க கண்டுபிடிக்கப்போறோம்."

கண்டுபிடிப்பதற்கு அவர்களிடம் ஒரே ஓர் ஆதாரம் இருந்தது. அந்த ரகக் கார் வெளிவந்த வருஷம் கம்பெனி அச்சடித்த விளம்பரத்தாள். அதில் ஒரு புகைப்படம், ஒரு பங்களா வாசலில் கார் நிற்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வரிசையாகக் கை மாற்றிப் பார்த்தார்கள். தேநீர் வந்தது, குடித்தார்கள். மறுபடி பார்த்தார்கள். ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"முன்டயர்ல அலை அலையா கோடு. பின்டயர்ல கட்டம் கட்டமா. ரெண்டும் வேற வேற!"

அறையில் ஒரு பரவசம். நான் எதார்த்தமாகச் சொல்லிவைத்தேன்: "அன்னிக்கு முன்டயர் பஞ்சர் ஆகியிருக்கும் சார். ஸ்டெப்னியை மாட்டிப் படம் எடுத்திருப்பாங்க."

பரவசம் அடங்கியது. நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு கம்பெனி, உலகத்துக்குத் தன்னோட வண்டிய முதமுதல்ல காட்டற படத்துல, ஸ்டெப்னி மாட்டிக் காட்டும்னு சொல்றீங்களா? அது திட்டம் தம்பி. முன்னாடி அலை, பின்னாடி கட்டம். நம்ம அறிவுக்கு எட்டலைங்கறதுக்காக அதை பஞ்சர்னு சொல்லிடறதா?"

"சரி சார். அந்த டயர் மழையில பிடிக்குமா?"

"படத்துல மழை இல்லையே" என்றார் நிபுணர்.

இடது முன்பக்கம் அலை, இடது பின்பக்கம் கட்டம் என்று தீர்மானம் எழுதினார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "வலப்பக்கம்?" என்றார்.

ஐந்து பேரும் படத்தின் மேல் கவிழ்ந்தார்கள். படம் இடப்பக்கத்திலிருந்து எடுத்தது. காரின் வலப்பக்கம் அதில் தெரியவில்லை, எப்படித் தெரியும்?

"வலப்பக்கம் பதிவில் இல்லை" என்று நிபுணர் அறிவித்தார்.

"அப்போ வலப்பக்கம் டயரே வேணாங்கறீங்களா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன்.

"வேணாம்னு யாரு சொன்னது? இருந்ததுக்கு ஆதாரம் இல்லங்கறோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

அந்த வித்தியாசத்தை ஆராய்வதற்காகக் கூட்டத்தை ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள். அந்த ஒரு வாரமும் நாங்கள் அதே மொட்டை டயரில் மலை ஏறி இறங்கினோம். ஏழாவது வளைவு வரும்போதெல்லாம் மனைவி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பேச்சை மட்டும் நிறுத்தமாட்டாள், நான் பயப்படக்கூடாது என்பதற்காக. அது எனக்கும் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மேற்கே மேகம் சேர ஆரம்பித்திருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அறுபத்தொரு வயது இளைஞர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தார். முகத்தில் வெட்கம் கலந்த பெருமை. புகைப்படத்தை மேஜையில் நிறுத்தி, எதிரே கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடிக்குள் கார் வலது பக்கம் பார்த்து நின்றது.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நிபுணர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பத்தொரு வருஷமா நமக்கு இது தோணலையே" என்று அவர் குரல் தழுதழுத்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் உருப்பெருக்கி மறுபடி கை மாற ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் தெரிந்த டயரில் கம்பெனியின் பெயர் இடம் வலமாக மாறி, கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்தில் முடிந்தது. குழு அதை மிகக் கவனமாகப் பதிவு செய்துகொண்டது. வலப்பக்கத்து டயர்களில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடவேண்டும் என்றும், ஒவ்வோர் எழுத்தும் முகம் திரும்பி இருக்கவேண்டும் என்றும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்படிப்பட்ட டயர் உலகத்தில் எங்கேயும் செய்யப்பட்டதில்லை என்று நான் சொன்னதை, காவலரின் தனிப்பட்ட கருத்து என்று குறித்துக்கொண்டார்கள்.

டயர்களை வாரியத்தின் கிடங்கில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு டயரும் வெள்ளைத் துணியில் சுற்றி, சீட்டுக் கட்டி, பலகை மேல் படுக்கவைக்கப்பட்டிருந்தது. என் காரின் வயதையொத்த டயர்கள். நாற்பத்தாறு வருஷமாகத் தரையைப் பார்த்ததில்லை. இரண்டில் மட்டும் திரும்பிய எழுத்துகளை வெள்ளைப் பெயின்டில் புதிதாக எழுதியிருந்தார்கள். கூடவே ஓர் அறிவுரைத்தாள்: 'வெயில், மழை, சாலை ஆகியவை படாமல் பயன்படுத்தவும்.'

நான் நகத்தால் தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கடினம் என்றால் என்ன என்று பல் செட் செய்கிறவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். இதில் நாலு கடைவாய்ப் பல் செதுக்கலாம், கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

கிடங்குப் பொறுப்பாளர் மட்டும் அந்த வாரியத்தில் தப்பித்தவறி வந்து மாட்டிக்கொண்ட ஆள் என்று நினைக்கிறேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"மெதுவாப் போங்க சார். பிரேக் போடறதா இருந்தா முந்தின நாளே முடிவு பண்ணிக்கோங்க."

டயர்க்கடைக்காரர் அவற்றை மாட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது டயர் இல்ல சார், வளையல்" என்றார். நான் கேட்காமலே, அவர் வரவழைத்திருந்த நாலு நல்ல டயரும் கடைச் சுவரோரம் அடுக்கியிருந்தன. புது ரப்பர் வாசனை தெருவரைக்கும் வந்தது. "யாருக்கும் குடுக்க மாட்டேன். உங்களுக்காக வச்சிருக்கேன்" என்றார்.

புதிய டயர்களுக்கு, அதாவது பழைய டயர்களுக்கு, ஓட்டச் சோதனை ஒன்று இருந்தது. காரை வாரியக் கூடத்தின் கம்பளத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். ஊழியர்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். எட்டடி தூரம் கார் உருண்டது. துணைக்குழு குனிந்தபடியே கூட நடந்தது. வழுக்கவில்லை, அதிரவில்லை, எழுத்தெல்லாம் சரியாகச் சுழன்றது. 'ஓட்டத்தில் குறையேதும் காணப்படவில்லை' என்று சான்று கொடுத்தார்கள்.

சான்றைக் கொடுக்க வாரியத் தலைவரே நேரில் வந்திருந்தார். வெள்ளை உடை, வெள்ளை முடி. வாசலில் அவருடைய சொந்த கார் நின்றது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அதன் டயர்களை நான் பார்த்தேன். மெத்தென்ற ரப்பர், ஆழமான வெட்டு.

"மூலத்தோற்றம் முழுசா மீட்கப்பட்ட முதல் வண்டி உங்களுதுதான்" என்றார் என்னிடம். "எங்க ஆண்டுமலருக்கு ஒரு படம் வேணும். மலை உச்சியில, நான் பக்கத்துல உட்காந்திருக்கற மாதிரி. வாங்க, ஒரு நடை போயிட்டு வந்துடலாம்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரும்போல் இருக்கிறது, இன்னொரு நாள் போகலாம் என்றேன். படம் எடுப்பவரைப் பின்னால் தன்னுடைய புது காரில் வரச்சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் மனைவி உட்காரும் இருக்கையில்.

போகும்போது நன்றாகத்தான் போனோம். தலைவர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

"இந்தக் காலத்துப் பசங்க பாதுகாப்பு பாதுகாப்புனு பறக்கறாங்க. நான் கேக்கறேன், பாதுகாப்பா இருந்து என்ன சாதிச்சாங்க? பழசுல ஒரு கண்ணியம் இருக்கு. அந்தக் கண்ணியத்துக்காக உயிரைக் குடுக்கக்கூட ஆள் வேணும். உங்கள மாதிரி ஆளுங்களைப் பாக்கறப்போ பெருமையா இருக்கு."

உச்சியில் படம் எடுத்து முடிப்பதற்குள் தூறல் விழ ஆரம்பித்தது. இறங்கினோம். கிடங்குப் பொறுப்பாளர் சொன்னதை மனசில் வைத்து நத்தை வேகத்தில்தான் இறக்கினேன். இரண்டு வளைவு தாண்டினோம். மூன்றாவது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. முன்பக்கத்து அலையும் பின்பக்கத்துக் கட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, சாலை வேலைக்காகக் குவித்து வைத்திருந்த மணல் மேட்டில் போய்ப் புதைந்து நின்றது. அந்த மணல் அங்கே இருந்தது என் நல்ல நேரம். மணல் மேட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர்கூட இல்லை.

தலைவர் தன் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் இது:

"என் கார் எங்க?"

"ஐயா, பாத்தீங்கல்ல?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். "இந்த இடத்துல தினம் என் வீட்டுக்காரி உட்காந்து வர்றா ஐயா. இப்பவாவது டயர் விஷயத்துல ஏதாவது பண்ணுங்க."

"பாத்தேன்" என்றார் தலைவர், முகத்து மணலைத் துடைத்துக்கொண்டே. "இதை இப்படியே விடக்கூடாது. நாளைக்கே அவசரக் கூட்டம் கூட்டறேன்."

சொன்னபடியே செய்தார். மூன்றாம் நாள் பதிவுத்தபாலில் சுற்றறிக்கை வந்தது. நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

'அண்மையில் நேர்ந்த வருந்தத்தக்க அனுபவத்தைக் கருத்தில் கொண்டும், உயிரின் மதிப்பை உணர்ந்தும், வாரியம் கீழ்க்கண்டவாறு தீர்மானிக்கிறது. வாரியம் அங்கீகரித்த டயர்கள் பொருத்தப்பட்ட எந்த வாகனத்திலும் வாரிய உறுப்பினர்கள் எக்காரணம் கொண்டும் ஏறக்கூடாது. இத்தீர்மானம் உடனடியாக நடைமுறைக்கு வருகிறது.'

அவ்வளவுதான். கீழே தலைவரின் கையெழுத்து. காவலர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் நாற்காலியில் அப்படியே சரிந்தேன். மனைவி என் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தாள். ஒருமுறை படித்தாள். பரீட்சைத் தாளில் சந்தேகம் வந்தால் படிப்பதுபோல் மறுபடி நிதானமாகப் படித்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் வாரியத்தில் உறுப்பினராகச் சேர்வதற்கான விண்ணப்பம் அச்சாகியிருந்தது. காகிதம் வீணாகக்கூடாது என்று அப்படி அச்சடிப்பார்கள் போலிருக்கிறது.

"தொன்மை வாகனம் சொந்தமா வச்சிருக்கறவங்க சேர முடியாதாம்" என்றாள். "வச்சிருந்தா பாசம் வந்துடுமாம், பாரபட்சம் ஆயிடுமாம். கார் யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு. பேனா எடுங்க."

பத்தாவது நாள் அவளுக்கு உறுப்பினர் அட்டை வந்தது. அதுவரை தூறல் விழுந்தாலே காரை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்தோம். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனோம். கம்பளத்தில் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். அட்டையைப் பார்த்ததும் செயலாளர் எழுந்து நின்றார். எனக்கு அவர் எழுந்ததே இல்லை. ஊழியரைக் கூப்பிட்டு அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒரு சின்ன சந்தேகம் சார்" என்றாள் மனைவி, சுற்றறிக்கையை மேஜையில் விரித்து. "நான் தினம் இவரோட கார்லதான் பள்ளிக்கூடம் போறேன். நீங்க அங்கீகரிச்ச டயர் இருந்தா நான் ஏறக்கூடாதுன்னு இதுல போட்டிருக்கு. அப்போ எந்த டயர் இருந்தா ஏறலாம்?"

"அங்கீகரிக்காத டயர் இருந்தா தாராளமா ஏறலாம்" என்றார் செயலாளர். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"அதை எழுதிக் குடுத்துடுங்க."

செயலாளர் பேனாவை மூடினார், திறந்தார். "எழுதிடலாம். ஆனா நீங்க இறங்கினதும் அவர் பழையபடி வாரிய டயரை மாட்டிடணும். உறுப்பினர் இல்லாத நேரத்துல..."

"மாட்டிடுவார் சார். சாயங்காலம் நான் ஏற வரும்போது மறுபடி நாலையும் கழட்டி மாட்டணும். அதுவரைக்கும் நான் ரோட்டோரமா நின்னுட்டு இருக்கேன். உறுப்பினர் அட்டையைக் கையில பிடிச்சுட்டு. போறவங்க வர்றவங்க கேட்டா வாரியம் நிக்கச் சொல்லுச்சுன்னு சொல்றேன். பரவாயில்லையா?"

"உறுப்பினர் ரோட்ல நிக்கறதா!" செயலாளர் பதறிப்போனார். அந்தப் பதற்றம் மனப்பூர்வமானது. நான் மலையிலிருந்து விழுவேன் என்று நாலு முறை சொல்லியும் வராத பதற்றம்.

பத்து நிமிஷத்தில் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்தாகி, முத்திரை விழுந்து வந்தது. டயர்: அங்கீகரிக்கப்படாதது. காரணம்: உறுப்பினர் நலன். செல்லுபடியாகும் காலம்: உறுப்பினர் அட்டை நடப்பில் உள்ளவரை.

டயர்க்கடைக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார், ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தார், பிறகு சிரித்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார்.

மறுநாள் காலை நல்ல மழை. துடைப்பான் இரண்டும் மூச்சுவாங்க ஆடின. ஏழாவது வளைவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். கார் சாலையைக் கவ்விக்கொண்டு, சொன்ன பக்கம் திரும்பியது. வளைவு முடிந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. வேறொன்றும் நடக்காதது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். அவள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. மடியில் பரீட்சைத் தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நான் உயிரோட வீட்டுக்குத் திரும்பறது இனிமே உன் அட்டையாலதான்" என்றேன். உணர்ச்சிவசப்பட்டுத்தான் சொன்னேன்.

"ஆமா, அதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க" என்றாள், தாளிலிருந்து தலையை எடுக்காமல். "ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கறதா வேணாமான்னு உங்க நடத்தையைப் பாத்துட்டு முடிவு பண்றேன்."